பிக்சலைத் திருத்துவதா, கட்டளையை எழுதுவதா?

லைட்ரூமில் வேலை செய்கிற பலர் கண்டும் காணாமல் விட்டுவிடும் ஃபைல் ஒன்று உண்டு. அமைப்பில் அதற்கான டிக்கைப் போட்டிருந்தால், கேமராவிலிருந்து வந்த ரா ஃபைலுக்குப் பக்கத்திலேயே, அதே பெயரில், எக்ஸ்எம்பி என்ற பின்னொட்டோடு அது உட்கார்ந்திருக்கும். ரா ஃபைல் இருபத்தைந்து, முப்பது எம்பி இருந்தால் இது சில கேபிதான். நோட்பேடில் திறந்தால் வெறும் எழுத்து: எக்ஸ்போஷர் +0.85, வெப்பநிலை 4850, ஹைலைட்ஸ் -40 என்று வரிசையாக எண்கள். அந்தப் படத்தோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டியிருந்தாலும் அத்தனை உழைப்பும் இந்தச் சில வரிகளில் அடங்கிவிடுகிறது. ரா ஃபைலில் உள்ள படத்தில் ஒரு பிக்சல்கூட மாறியிருக்காது.

அதே படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டி, ஜேபெக்காகச் சேமித்தால் நடப்பது வேறு. புதிய ஃபைலில் இருப்பவை திருத்தி முடித்த பிக்சல்கள். எவ்வளவு கூட்டினோம், அதற்கு முன் என்ன இருந்தது என்ற கணக்கு அதில் இல்லை.

லைட்ரூமா, ஃபோட்டோஷாப்பா என்ற வாக்குவாதம் பெரும்பாலும் வேகம், விலை, வசதி என்று சுற்றிச் சுற்றி வரும். அந்த வித்தியாசங்கள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். ஒன்று கட்டளையைச் சேமிக்கிறது. மற்றது விளைவைச் சேமிக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் எந்த வேலையை எதில் செய்வது என்பதில் குழப்பம் இருக்காது.

ஒற்றைப் படத்துக்காகப் பிறந்தது

1987இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் நோல், தன் மேக் பிளஸ் கணினியின் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்ட ஒரு சின்ன நிரலை எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் டிஸ்பிளே. திரைப்பட சிறப்புக் காட்சிகளைச் செய்யும் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் வேலை பார்த்த தம்பி ஜான் நோல், இதை முழுமையான மென்பொருளாக வளர்க்கலாம் என்றார். அடோபி நிறுவனம் உரிமம் பெற்று, 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் என்ற பெயரில் வெளியிட்டது.

அன்றைக்கு டிஜிட்டல் கேமரா சாதாரணப் புகைப்படக்காரரின் கைக்கு வந்திருக்கவில்லை. பிலிமில் எடுத்த படத்தை ஸ்கேன் செய்துதான் கணினிக்குள் கொண்டுவர வேண்டும். பத்திரிகை அட்டைக்கோ விளம்பரத்துக்கோ தேர்ந்தெடுத்த ஒரு படம் மட்டுமே அந்தச் செலவுக்குத் தகுதியானது. அந்த ஒரு படத்தை மேசையில் கிடத்தி, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து வேலை செய்வதுபோல் செய்ய ஒரு கருவி தேவைப்பட்டது. ஃபோட்டோஷாப்பின் அமைப்பு முழுவதிலும் அந்த நோக்கம் ஊறியிருக்கிறது. 1994இல் வந்த லேயர் வசதியும் ஒரே படத்துக்குள் ஆழமாக இறங்குவதற்கானதுதான்.

பத்து, பதினைந்து ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. ஒரு ரோலுக்கு 36 படம் என்று எண்ணி எண்ணி எடுத்தவர்கள் மெமரி கார்டு வந்ததும் ஒரே நிகழ்ச்சியில் ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். அவர்களுக்குத் தலைவலி ஒரு படத்தை எப்படிச் சரிசெய்வது என்பதல்ல. இத்தனை படங்களுக்கு நடுவே எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது, மீந்தவற்றை எப்படி ஒரே சீராக்குவது என்பதே. 2005 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் இதற்கென அப்பர்ச்சர் என்ற மென்பொருளை அறிவித்தது. 2006 ஜனவரியில் அடோபி லைட்ரூமின் சோதனைப் பதிப்பைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 2007 பிப்ரவரியில் முதல் பதிப்பு விற்பனைக்கு வந்தது. லைட்ரூமைத் தொடங்கிய மார்க் ஹாம்பர்க், அதற்கு முன் ஃபோட்டோஷாப்பின் முக்கியப் பொறியாளர்களில் ஒருவர். ஃபோட்டோஷாப்பின் உள்ளும் புறமும் தெரிந்த அவர், ஆயிரம் படங்களுக்கான கருவியை அதன் மேல் கட்டாமல் தனியாகத் தொடங்கினார்.

இன்றைக்கு இந்த இரண்டு வகையிலும் பல பெயர்கள். கட்டளை எழுதும் வரிசையில் லைட்ரூம், டென்மார்க்கின் கேப்சர் ஒன், இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள், ராதெரப்பி ஆகியவை வரும். பிக்சலைத் திருத்தும் வரிசையில் ஃபோட்டோஷாப், அஃபினிட்டி, 1996இலிருந்து இலவசமாகவே இருக்கும் கிம்ப் ஆகியவை வரும்.

ரா ஃபைல் இன்னும் படமாகவில்லை

கட்டளையை மட்டும் எழுதி வைப்பது எப்படிச் சாத்தியமாகிறது? பதில் கேமராவின் சென்சாருக்குள் இருக்கிறது.

சென்சாரில் உள்ள ஒளியுணரிகளுக்கு நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டும் சொல்லும். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் ஒவ்வொரு உணரியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதாவது ஒரு நிற வடிகட்டியை வைக்கும் முறைக்கு 1976இல் காப்புரிமை பெற்றார். அதில் பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். இன்று பெரும்பாலான கேமராக்களில் இருப்பது இதுதான். ஆக, ஒவ்வொரு இடத்திலும் அளக்கப்படுவது ஒரே ஒரு நிறம். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்து உணரிகளைப் பார்த்து மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்புகிறது. கண்ணால் பார்க்கும் படத்திலுள்ள நிற எண்களில் மூன்றில் இரண்டு பங்கு அளந்தவையே அல்ல, கணக்கிட்டவை.

இதனால் ரா ஃபைலை யார் திறந்தாலும், எதில் திறந்தாலும், ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டே படத்தை உருவாக்க வேண்டும். எப்படியும் கணக்குப் போடத்தான் போகிறோம் என்றால், "வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு" என்ற ஒரு வரியை அந்தக் கணக்கோடு சேர்த்துவிடுவது எளிது. லைட்ரூம் வகை மென்பொருள்கள் நிற்கும் அடித்தளம் இதுதான். ஃபோட்டோஷாப்பாலும் ரா ஃபைலை நேரடியாகத் தொட முடியாது. இதற்காகவே தாமஸ் நோல் எழுதிய கேமரா ரா என்ற துணை நிரல் 2003இல் வந்தது. லைட்ரூமின் டெவலப் பகுதியில் ஓடுவதும் அதே எஞ்சின்தான். நிறமும் தரமும் லைட்ரூமில் ஒரு மாதிரி, கேமரா ராவில் ஒரு மாதிரி என்று சொல்வதற்கு அடிப்படை இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384. சென்சார் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் எண்ணுகிறது. வெளிச்சம் இரண்டு மடங்கானால் எண்ணும் இரண்டு மடங்கு. அதனால் மிகப் பிரகாசமான ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்காகும் ஓர் இடைவெளி) மட்டுமே 8,192 படிகளை எடுத்துக்கொள்கிறது. அடுத்ததற்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து, ஆறாவது ஸ்டாப்பில் 256 படிகள் மிஞ்சும். முழு ஜேபெக் படமும் ஒரு நிறத்துக்கு வைத்திருக்கும் படிகளின் அளவு, ரா ஃபைலில் இருட்டை நோக்கி இறங்கும் ஒரு ஸ்டாப்புக்கே இருக்கிறது. நிழலில் நின்றவரின் முகத்தை ராவில் மேலே தூக்க முடிவதும், ஜேபெக்கில் தூக்கினால் திட்டுத் திட்டாகத் தெரிவதும் இதனால்தான்.

கல்யாண மண்டபத்தில் இதன் பலன் கண்கூடு. மேடையில் மஞ்சள் பல்பு, பக்கத்தில் வெள்ளை எல்இடி, நடுவில் வீடியோக்காரரின் லைட். ராவில் ஒயிட் பேலன்ஸ் என்பது சிவப்பு, நீல எண்களைத் தகுந்த எண்ணால் பெருக்குவதுதான்; எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஜேபெக்கில் அந்தப் பெருக்கல் கேமராவுக்குள்ளேயே முடிந்து, 256 படிகளுக்குள் சுருக்கியும் ஆகிவிட்டது. அதைப் பிறகு இழுத்துப் பிடிக்கப் பார்த்தால் தோல் நிறம் சாயம் பூசியதுபோல் ஆகும்.

230, 245

பிக்சலைத் திருத்துவதில் உள்ள ஆபத்தை இரண்டு எண்களில் காட்டிவிடலாம். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் ஒரு மடிப்பு. மடிப்பின் நிழலில் உள்ள பிக்சலின் மதிப்பு 230, பக்கத்தில் வெளிச்சம் படும் பிக்சலின் மதிப்பு 245. இந்த 15தான் மடிப்பாகத் தெரிகிறது. 8 பிட் படத்தில் வெளிச்சத்தை 40 கூட்டுங்கள். 270, 285 என்று வர வேண்டும். ஆனால் உச்சவரம்பு 255. இரண்டும் 255இல் முட்டி நிற்கும். அதிகமாகிவிட்டதே என்று இப்போது 40ஐக் குறைத்தால் இரண்டும் 215. கூட்டியதும் 40, குறைத்ததும் 40. ஆனால் மடிப்பு போய்விட்டது. சேமித்து மூடிவிட்டால் திரும்பி வராது.

லைட்ரூமில் ஸ்லைடரை மேலே தள்ளி, மறுபடி கீழே இழுத்தால் கடைசியில் நிற்கும் எண் பூஜ்யம். கணக்கு ராவிலிருந்து புதிதாகத் தொடங்குவதால் மடிப்பு அப்படியே இருக்கும். எந்த ஸ்லைடரை முதலில் தொட்டோம் என்பதும் பொருட்டல்ல. எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதை எஞ்சினே முடிவு செய்கிறது. ஃபோட்டோஷாப்பில் வரிசைதான் எல்லாம். ஷார்ப் செய்துவிட்டுச் சிறிதாக்கினால் ஒரு படம், சிறிதாக்கிவிட்டு ஷார்ப் செய்தால் வேறொரு படம். தையல்காரர் துணியில் சாக்கட்டியால் கோடு போடுவதற்கும் கத்தரி வைப்பதற்கும் உள்ள தூரம் இது.

ஃபோட்டோஷாப்பும் கத்தரியோடு நின்றுவிடவில்லை. 1996இல் அட்ஜஸ்ட்மென்ட் லேயர், 2005இல் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், 2007இல் ஸ்மார்ட் ஃபில்டர் என்று, அடியில் உள்ள பிக்சலைத் தொடாமல் மேலே திருத்தும் வழிகள் வந்தன. 2025இல் வெளியான கிம்ப் 3.0இலும் ஃபில்டர்களை இப்படி வைத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் அதற்கான விலை இடம். 24 மெகாபிக்சல் படம், மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு பைட் என்றால் 144 எம்பி. பிக்சல்கள் நிறைந்த ஒவ்வொரு புது லேயரும் ஏறத்தாழ அதே அளவு கேட்கும். ஃபோட்டோஷாப்பின் சாதாரண பிஎஸ்டி ஃபைலின் உச்சவரம்பு 2 ஜிபி. 500 படங்களை லேயரே இல்லாமல் இப்படிச் சேமித்தாலும் 72 ஜிபி. அதே 500 படங்களின் கட்டளைகள் சில எம்பிக்குள் முடிந்துவிடும்.

ஆயிரம் படங்களின் கணக்கு

கட்டளை என்பது எண் என்பதால் அதை நகலெடுப்பது எளிது. முகூர்த்த நேரத்தில் ஒரே விளக்கின் கீழ் எடுத்த 200 படங்களில் ஒன்றைச் சரிசெய்துவிட்டு, சிங்க் பொத்தானை அழுத்தினால் மற்ற 199க்கும் அதே எண்கள் போய்விடும். நிறம் கொஞ்சம் சூடாக இருக்கிறது என்று வீட்டார் சொன்னால் மறுபடி ஒரே இழுப்பு. ஃபோட்டோஷாப்பில் ஆக்‌ஷன் எழுதி இதைச் செய்யலாம். ஆனால் 200 புதிய ஃபைல்கள் பிறக்கும், முடிவு மாறினால் 200ஐயும் மறுபடி ஓட்ட வேண்டும். ஒரே படத்துக்குக் கலரில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று வேண்டுமென்றால் லைட்ரூமுக்கு இன்னொரு எண் வரிசை போதும்.

தேர்ந்தெடுப்பதும் இந்த வகை மென்பொருளின் வேலைதான். நட்சத்திரம், கொடி, குறிச்சொல் எல்லாம் ஒரு தரவுத்தளத்தில் பதிவாகின்றன. லைட்ரூம் கிளாசிக்கின் கேட்டலாக் என்பது எஸ்கியூலைட் என்ற பொதுவான தரவுத்தளமே. படங்களைத் திருத்தாமல் வெறும் தேர்வுக்காகவே இருக்கும் மென்பொருளும் உண்டு. விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் நம்பியிருக்கும் ஃபோட்டோ மெக்கானிக், பொதுவாக ராவைக் கணக்குப் போட முயல்வதில்லை. கேமரா ரா ஃபைலுக்குள் ஒட்டி அனுப்பும் ஜேபெக் முன்காட்சியை எடுத்துக் காட்டிவிடுகிறது. அதனால்தான் மைதானத்திலிருந்து சில நிமிடங்களில் படம் செய்தி அறைக்குப் போய்ச் சேருகிறது.

இந்த இடத்தில் புதியவர்கள் சறுக்குவது வழக்கம். கேட்டலாக்கில் படம் இல்லை. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரியும், அதற்கான கட்டளையும்தான் இருக்கின்றன. "படமெல்லாம் லைட்ரூமுக்குள் ஏறிவிட்டது" என்று நம்பி ஃபோல்டரை அழித்தால் படமே போய்விடும். லைட்ரூமுக்கு வெளியே ஃபோல்டரை இடம் மாற்றினால், படம் காணவில்லை என்று அது புலம்பும். பேக்கப் என்றால் ரா ஃபைல்களுக்கு ஒன்று, கேட்டலாக்குக்கு ஒன்று என இரண்டு வேண்டும்.

எண்ணில் அடங்காத வேலை

குடும்பப் படத்தில் பதினைந்து பேர். எல்லோரும் நன்றாக இருக்க, ஒரு குழந்தை மட்டும் கண்ணை மூடியிருக்கிறது. அடுத்த படத்தில் அந்தக் குழந்தை சிரிக்கிறது, பெரியப்பா திரும்பிவிட்டார். ஒரு படத்திலிருந்து குழந்தையின் முகத்தை வெட்டி இன்னொன்றில் பொருத்த வேண்டும். இதை +0.85 என்று எழுத முடியாது. ஒவ்வொரு பிக்சலிலும் கை வைத்து, லேயர் போட்டு, மாஸ்க்கின் ஓரத்தைத் தூரிகையால் தேய்த்துத்தான் செய்ய வேண்டும். மணப்பெண்ணின் பின்னலில் தொங்கும் மல்லிகைச் சரத்தின் குறுக்கே ஓடும் மின்கம்பியை நீக்குவதும் இப்படித்தான். வெறும் சுவரில் ஓடும் கம்பி என்றால் லைட்ரூமே துடைத்துவிடும். பூவுக்கும் முடிக்கும் நடுவில் ஓடும் கம்பிக்கு ஃபோட்டோஷாப்பில் உட்கார வேண்டும். கிழிந்துபோன தாத்தா பாட்டி படத்தைச் சீராக்குவது, ஆல்பம் பக்கம் வடிவமைப்பது, எழுத்துச் சேர்ப்பது எல்லாம் இந்தப் பக்கத்து வேலைகள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு எல்லைக்கோடு மங்கிவிட்டது என்கிறார்கள். ஓரளவு உண்மை. ஆளை, வானத்தைத் தானாகவே பிரித்தெடுக்கும் மாஸ்க் 2021இலேயே லைட்ரூமுக்கு வந்துவிட்டது. ஆனால் 2023 ஏப்ரலில் இரைச்சலை நீக்கும் டீநாய்ஸ் வசதி அறிமுகமானபோது என்ன நடந்தது என்று பாருங்கள்: அது வேலையை முடித்து ஒரு புதிய டிஎன்ஜி ஃபைலை உருவாக்கிக் கொடுத்தது. அவ்வளவு கனமான கணக்கைப் படம் திறக்கும்போதெல்லாம் போட முடியாதல்லவா? ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில்லில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. ஒரே கட்டளைக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு படம் வரும். பிடித்த ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் பிக்சல்களைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பொத்தான்கள் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறினாலும், எண்ணில் அடங்காத வேலை பிக்சலாகத்தான் சேமிக்கப்படுகிறது.

மூலத்தையும் திருத்தத்தையும் தனித்தனியாக வைக்கும் இந்தப் பிரிவுக்குச் செய்தித் துறையில் தனி மதிப்பு உண்டு. 2015ஆம் ஆண்டு வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில், இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களைக் கேமராவிலிருந்து வந்த மூல ஃபைல்களோடு ஒப்பிட்டார்கள். படத்தில் இருந்ததை நீக்கியது, இல்லாததைச் சேர்த்தது போன்ற காரணங்களால் 20 சதவீதப் படங்கள் தள்ளப்பட்டன. மூலம் கை படாமல் இருப்பதால்தான் அப்படி ஒப்பிட முடிகிறது.

கட்டளையைப் படிக்க ஆள் வேண்டும்

கட்டளை முறைக்கும் பலவீனம் உண்டு. அதை அப்பர்ச்சர்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2014 ஜூனில் அப்பர்ச்சரை இனி வளர்க்கப்போவதில்லை என்று ஆப்பிள் அறிவித்தது. 2015இல் விற்பனை நின்றது. 2019இல் வந்த மேக் இயங்குதளத்தில் அது ஓடவே இல்லை. ரா ஃபைல்கள் பத்திரமாக இருந்தன. நட்சத்திரங்களையும் குறிச்சொற்களையும் லைட்ரூமுக்குக் கொண்டுபோக முடிந்தது. ஆண்டுக்கணக்கில் செய்த திருத்தங்களை மட்டும் கொண்டுபோக முடியவில்லை. ஒரு மென்பொருளின் "ஹைலைட்ஸ் -40" இன்னொன்றுக்குப் புரியாது. புரிந்தாலும் அதே விளைவைத் தராது, ஏனென்றால் பின்னால் ஓடும் கணக்கு வேறு.

அடோபிக்கும் இந்தச் சிக்கல் தெரியும். அதன் எக்ஸ்எம்பி ஃபைலில் எக்ஸ்போஷர் என்ற பெயருக்குப் பின்னால் 2012 என்ற எண் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2012இல் லைட்ரூம் 4 வந்தபோது கணக்கு முறை மாறியது. பழைய படங்களின் தோற்றம் கெட்டுவிடக் கூடாது என்று பழைய முறையையும் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். சந்தாவை நிறுத்தினால் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். டார்க்டேபிள் போன்ற திறந்த மென்பொருளில் பூட்டு இல்லை. ஆனால் அதன் கட்டளைகளையும் அதுதான் படிக்கும். முடித்த பிக்சல்களையே வைத்திருக்கும் டிஃப், ஜேபெக் போன்ற ஃபைல்களுக்கு இந்தக் கவலை இல்லை. 1992இல் உருவான ஜேபெக்கைத் திறக்காத கருவி இன்று அபூர்வம்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் வேலை வரிசை கிடைத்துவிடும். முதலில் தேர்வு, ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், கிராப், மொத்தப் படங்களுக்குமான நிறச் சீர் ஆகியவற்றைக் கட்டளை மென்பொருளில் முடிக்க வேண்டும். ஆயிரத்தில் பத்தோ இருபதோ மட்டும் ஃபோட்டோஷாப்புக்கோ கிம்ப்புக்கோ போகும். 16 பிட் டிஃப்பாக அனுப்புவது நல்லது. அனுப்பிய பின் ராவில் ஸ்லைடரை நகர்த்தினால் அது டிஃப்புக்குப் போய்ச் சேராது. ஆகவே நிறத்தை முடிவு செய்துவிட்டு அனுப்ப வேண்டும். அளவைச் சிறிதாக்குவதும் ஷார்ப் செய்வதும் கடைசியில்.

எதை வாங்குவது என்று கேட்பவர், தன் வேலையை ஒரு வாரம் கவனித்தால் போதும். கல்யாணம், பள்ளி விழா, விளையாட்டு, பறவைகள் என்று குவியல் குவியலாக எடுப்பவருக்கு முதல் தேவை கட்டளை மென்பொருள். பணம் இடித்தால் டார்க்டேபிள் இருக்கிறது. விளம்பரம், ஆல்பம் வடிவமைப்பு, பழைய படம் சீராக்குவது என்று ஒவ்வொன்றாகச் செய்பவருக்குப் பிக்சல் மென்பொருளே முதல் தேவை. இரண்டில் எதை வாங்கினாலும் ஹார்டு டிஸ்க்கில் மூன்று பொருள்கள் தனித்தனியாக இருக்க வேண்டும்: கை படாத ரா, அதற்கு எழுதிய கட்டளை, முடித்த படத்தின் டிஃப் அல்லது தரமான ஜேபெக். வாடிக்கையாளருக்கு மூன்றாவது போதும். பத்து ஆண்டு கழித்து அதே படத்தை வேறு மாதிரி கேட்டு அவர் வந்தால், முதலாவது இல்லாமல் புகைப்படக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது.